விழாத முந்திரி

மேடையில் மங்கை நின்றிருந்தாள். "அது… அது… அது…" என்று சொல்லிவிட்டு இடது கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாள். வார்த்தை வரவில்லை. மறுபடியும் "அது…"

நான் அவளைப் பார்க்கவில்லை. முதல் வரிசை ஓரத்தில், மேஜைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை.

இடம், சிதம்பரம் மேல வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. நேரம், சனிக்கிழமை சாயங்காலம். பகலெல்லாம் பிள்ளைகள் அடைந்து கிடந்த வேர்வை வாடை இன்னும் போகவில்லை. போர்டில் யாரோ பாதியில் விட்ட கணக்கு. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஆடியது. காற்று மட்டும் வரவில்லை.

மங்கையர்க்கரசி என் மனைவி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று அவள் நின்றது, பேச்சு போனதற்குப் பிறகு அவள் ஏறிய முதல் மேடை.

போன வாரம் இந்தப் பகுதியில், என் மோட்டார் காயில் கட்டும் கடையில் நடந்த சண்டையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பல பேர் போனில் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. எனக்கு ஆறவில்லை. எழுதினால் ஆறுமா என்றும் தெரியாது.

பேசுவதற்கு ஒரு க்ளப்பா?

நாங்கள் இருப்பது கடலூர் செம்மண்டலம். மங்கை தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் வேலை பார்த்துவிட்டு வருவாள். ஒரு சனிக்கிழமை மாலை அவள் வர வேண்டிய பஸ்ஸில் வரவில்லை. இரண்டு பஸ் தாண்டி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க போன?" என்றேன்.

"பேச்சு க்ளப்புக்கு மாமா. வாரா வாரம் கூடுறாங்க. நானும் சேர்ந்துட்டேன்."

மங்கை எனக்கு மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமாதான், பின்னாலும் மாமாதான்.

"பேசறதுக்கு ஒரு க்ளப்பா? நாள் பூரா ஸ்கூல்ல கத்துறது பத்தலயா உனக்கு?"

"ஸ்கூல்ல நான் பேசறதை யாரு கேக்குறா? பரீட்சையில வருமான்னுதான் கேக்குதுங்க. இங்க நிஜமாவே கேக்குறாங்க மாமா."

எனக்கு அப்போது அது புரியவில்லை. படித்தவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் இட்லி மாவைக் கலக்கிக்கொண்டே, "உங்களுக்குப் பொழுது போகலன்னா பக்கத்து கடைக்காரனோட சண்டை போடுறீங்க, அதை நான் கேட்டேனா?" என்றாள்.

அந்த க்ளப்பில் இருபது முப்பது பேர். பேங்கில் இருப்பவர்கள், வக்கீல், மருந்துக் கடைக்காரர், காலேஜில் பாடம் எடுப்பவர்கள். ஒவ்வொருவரும் ஏறி ஒரு தலைப்பில் பேச வேண்டும். நேரம் முடியப் போகிறது என்று காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. பேசி முடித்ததும் எல்லாரும் கை தட்டுவார்கள். கை தட்டினால் இறங்கிவிட வேண்டும். பிறகு ஒருவர் எழுந்து, பேசியவரின் நிறை குறைகளைச் சொல்வார். கொஞ்சம் புகழ்ச்சி, நடுவில் குறை, மறுபடி கொஞ்சம் புகழ்ச்சி. அதுதான் அவர்கள் முறை.

டம்ளர் வந்த கதை

பேசும்போது நாம் நம்மை அறியாமல் "வந்து", "அதாவது", "ஆ…" என்றெல்லாம் இழுப்போம் அல்லவா? அதை எண்ணவும் அங்கே ஒரு ஆள் போடுவார்கள். முதலில் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்களாம். கூட்டம் முடிந்ததும் எண்ணிக்கையைப் படிப்பார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

மங்கை அதை மாற்றினாள். அவள் பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர். வீட்டைச் சுற்றி முந்திரித் தோப்பு. அங்கிருந்து ஓடு உடைக்காத முந்திரியை ஒரு பை கொண்டுபோனாள். கூடவே எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று. மேடையில் இருப்பவர் "வந்து" என்றால் உடனே ஒரு முந்திரியை டம்ளரில் போடுவாள். ணங்! பேசுபவருக்குத் தூக்கிவாரிப் போடும். அடுத்த வாரம் கவனமாகப் பேசுவார்.

க்ளப்பில் அதுவே ஒரு பேச்சாகிவிட்டது. "இன்னிக்கு உங்களுக்கு எத்தனை முந்திரி?" "போன வாரம் பாயசமே வெச்சிருக்கலாம் சார் நீங்க!" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வார்களாம். பஸ் இறங்கி வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு தடவை, பட்டிமன்றங்களில் பேசும் பெரிய மனிதர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தால் "வந்து" இல்லாமல் வராது. மங்கை டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறாள். ணங், ணங், ணங். க்ளப் தலைவர் தில்லைநாயகம் கண்ணால் ஜாடை காட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று. இவள் நிறுத்தவில்லை. விருந்தினருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்னம்மா, அங்க உக்காந்து வேர்க்கடலை கொறிக்கிறீங்களா?"

"இல்லைங்க ஐயா. உங்க 'வந்து'வை எண்ணிக்கிட்டு இருக்கேன்."

மனிதர் அதற்கப்புறம் எப்படியோ சுருக்கமாக முடித்துவிட்டுப் போய்விட்டாராம். தில்லைநாயகம் ஒரு மாதம் மங்கையிடம் சரியாகப் பேசவில்லை. அவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். கோயிலைச் சுற்றி இருக்கும் பழைய குடும்பம். யாரையும் நோகடிக்க மாட்டார். யாரையும் நோகடிக்காத மனிதர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அது பின்னால் வருகிறது.

எனக்கும் விழுந்தது

என்னையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனாள். சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அங்கே திடீர்த் தலைப்பு என்று ஒன்று உண்டு. துண்டுச் சீட்டு எடுக்கச் சொல்லி, அதில் இருப்பதைப் பற்றி அப்போதே பேசச் சொல்வார்கள். எனக்கு வந்த தலைப்பு, 'மழை'.

மழையைப் பற்றி என்ன பேசுவது? மழை வந்தால் மோட்டாரில் தண்ணீர் இறங்கிக் காயில் புகையும், எனக்கு வேலை வரும். அதைச் சொன்னேன். ஒரு நிமிஷத்துக்குள் ஆலங்கட்டி மழை மாதிரி டம்ளரில் விழுந்தது. போட்டவள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அவளிடம் பேசவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

"கோவமா?"

"நாலு பேர் முன்னாடி புருஷனை அசிங்கப்படுத்திட்டு கோவமான்னு கேக்குற?"

"மத்தவங்களுக்குப் போட்டுட்டு உங்களுக்குப் போடலன்னா, நான் நீங்க பேசறதைக் கேக்கவே இல்லன்னு அர்த்தம் மாமா. இவரு எப்படிப் பேசுனா என்னா, நம்ம வூட்டு ஆளுதானேன்னு விட்டுட்டேன்னு அர்த்தம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரமே கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசும்போது "வந்து" என்று சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேச்சு போன காலை

ஓய்வு பெற்றும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரு காலையில் பாத்ரூமில் சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. அவளும் விழுந்திருந்தாள்.

பக்கவாதம். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிர் தப்பியது. வலது கை தொங்கிவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். பேச்சு போய்விட்டது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குப் புத்தி போகவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. வார்த்தைதான் வாய்க்கு வருவதில்லை. தேடுகிறாள், அகப்படுவதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா இதை எனக்கு மூன்று தடவை விளக்கினார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்குத்தான் இன்றுவரை புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்துகிறார்கள். செவிடா அவள்? இன்னும் சிலர், அவள் எதிரிலேயே என்னைப் பார்த்து, "டீச்சர் சாப்டாங்களா?" என்கிறார்கள்.

முதலில் திரும்ப வந்த வார்த்தை "சனியனே". மாத்திரைப் பட்டையைப் பிரிக்க முடியாமல் அதைப் பார்த்துச் சொன்னாள். நானும் அவளும் சிரித்தோம். அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிறகு ஒன்று இரண்டு மூன்று வரிசையாக வந்தது. கணக்கு டீச்சர் இல்லையா. பிறகு "மாமா". சமையல்கட்டிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்ட அன்று நான் கையில் வைத்திருந்த டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டேன்.

பயிற்சி அம்மா ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். "அவுங்க வார்த்தையைத் தேடும்போது நீங்க எடுத்துக் குடுக்காதீங்க சார். எவ்ளோ நேரம் ஆனாலும் காத்திருங்க. தானா வரணும். எடுத்துக் குடுத்துட்டா மூளை தேடறதை நிறுத்திடும்."

காத்திருந்தேன். நான் பொறுமைசாலி கிடையாது, ஊருக்கே தெரியும். ஆனால் அவள் "அது… அது…" என்னும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வரும். நேரமாகும், ஆனால் வரும்.

மீன் வாங்குவது எப்படி

மறுபடி க்ளப்புக்குப் போகலாம் என்று முதலில் சொன்னதும் அந்தப் பயிற்சி அம்மாதான். பேசிப் பழகிய இடத்தில் நின்றால் பேச்சு வர வாய்ப்பு ஜாஸ்தி என்றார். மங்கையின் முகத்தில் எனக்கு ரொம்ப நாளாகத் தெரியாத ஒரு வெளிச்சம் வந்தது.

தலைப்பை அவளே எடுத்தாள். அடுப்படியில் இருந்த மீன் சட்டியைக் காட்டி, "மீன்… வாங்க…" என்றாள். மீன் வாங்குவது எப்படி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவது அவளுக்குத் திருவிழா. நான் வாங்கி வந்தால் திட்டு விழும்.

மொத்தம் நான்கே விஷயம். கண்ணைப் பார், தெளிவாக இருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்க வேண்டும். அமுக்கிப் பார், குழி விழக் கூடாது. கடைசியாக, "அவ திட்டுவா. திட்டட்டும்."

அந்தக் கடைசி வரிதான் அவளுக்கு உயிர். அதைச் சொல்லும்போது தடுமாற்றமே வராது. மீன்காரியின் முகத்தையும் செய்து காட்டுவாள். வாரக்கணக்கில் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் இது நடந்தது. நான் ஒருத்தன்தான் கூட்டம். "செவுள்" என்ற வார்த்தைதான் கஷ்டம். அதற்கு மட்டும் நிறைய நேரம் ஆகும். ஒவ்வொரு நாளும் வந்தது. ஒருநாள்கூட வராமல் போகவில்லை.

அன்று சாயங்காலம்

மங்கையின் தம்பி சேகர் காடாம்புலியூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தான். மயில்கழுத்து நிறப் புடவை கட்டிக்கொண்டாள். ஒரு கையால் கட்ட முடியாது, பக்கத்து வீட்டுப் பெண் உதவி செய்தாள். மாடிப்படியில் அவளைத் தூக்கிவிடவா என்று சேகர் கேட்டான். கையைத் தட்டிவிட்டு, தானே ஏறினாள்.

எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பூங்கொத்து, சால்வை. தில்லைநாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் எப்படி இருக்காங்க?" என்றார்.

"பக்கத்துலதானே நிக்கிறா. அவளையே கேளுங்க."

சிரித்தார். அவளைக் கேட்கவில்லை.

டம்ளர் இருந்த மேஜையில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். நர்ஸிங் காலேஜில் பாடம் எடுக்கும் பெண். மங்கைக்குப் பிறகு டம்ளர் வேலை அவளுக்கு. முன்னால் ஒரு கிண்ணம் நிறைய முந்திரி. மங்கைக்கு முன்னால் பேசிய மருந்துக் கடைக்காரருக்கு ஒழுங்காக விழுந்தது. ணங், ணங். ஒவ்வொரு சத்தத்துக்கும் மங்கை தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை பவித்ரா கவனிக்காமல் விட்ட "அதாவது"வுக்கு, டம்ளரைப் பார்த்து விரலை நீட்டினாள். பவித்ரா நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

பிறகு மங்கையைக் கூப்பிட்டார்கள்.

"வணக்கம்" தெளிவாக வந்தது. "மீன்… வாங்கறது… அது… எப்படி." சத்தம் இல்லை. பவித்ரா கவனிக்கவில்லை போல என்று நினைத்தேன். "கண்ணு… அது… கண்ணு தெளிவா இருக்கணும்." சத்தம் இல்லை. பவித்ராவைப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். நேர அட்டை பிடிக்கும் ஆளும் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு. குழந்தை நடக்கப் பழகும்போது பார்க்கிறோமே, அந்தச் சிரிப்பு.

மங்கை டம்ளரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் விடவில்லை. செவுளுக்கு வந்தாள். "அது… அது… அது…" கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். உதடு விரிந்தது. நாக்கு மேலே போனது. வீட்டில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம். இதோ வந்துவிடும்.

"செவுள்!" என்றார் தில்லைநாயகம் சத்தமாக. "செவுள், டீச்சர்!"

பின்னாலிருந்தும் இரண்டு பேர், "செவுள், செவுள்" என்றார்கள். வகுப்பில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்வது மாதிரி.

மங்கை வாயை மூடிக்கொண்டாள்.

மேடையைவிட்டு இறங்கினாள். காலை இழுத்துக்கொண்டு நேரே பவித்ராவின் மேஜைக்குப் போனாள். இடது கையால் கிண்ணத்திலிருந்து ஒரு முந்திரியை எடுத்து டம்ளரில் போட்டாள். ணங். பவித்ராவின் முகத்தைப் பார்த்தாள். இன்னொன்று எடுத்துப் போட்டாள். ணங். இன்னொன்று.

காப்பி அடித்த பிள்ளையைப் பிடித்தால் மங்கையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகம்தான் அது. அவள் கோபமாக இருந்தாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிப் பேச முடியும்? எனக்குப் போட வேண்டியதைப் போடு என்கிறாள். நான் பேசியதைக் கேட்டாயா இல்லையா என்கிறாள்.

"ஆஹா!" என்று சிரித்தார் தில்லைநாயகம். "பாருங்கய்யா! டீச்சருக்கு அந்த நகைச்சுவை உணர்ச்சி போகவே இல்லை!"

கை தட்ட ஆரம்பித்தார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். "டீச்சர் டீச்சர்தான்!" என்றது ஒரு குரல். சில பேர் அழுதுகொண்டே தட்டினார்கள். முதலிலிருந்தே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரோடு இன்னும் ஐந்தாறு பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மங்கை இன்னும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். தட்டுகிற தட்டலில் டம்ளர் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"அவ இன்னும் முடிக்கல!" என்று நான் கத்தினேன். அதுவும் கேட்கவில்லை.

மங்கை திரும்பி மேடையைப் பார்த்தாள். அமுக்கிப் பார்ப்பது பாக்கி இருந்தது. மீன்காரி பாக்கி இருந்தாள். அந்த க்ளப்பில் கை தட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவளைவிட அது யாருக்குத் தெரியும்? யாரோ ஒரு அம்மா அன்பாக முழங்கையைப் பிடித்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்.

நிறை குறை சொல்ல தில்லைநாயகமே எழுந்தார். "குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லை. டீச்சர் நம்ம எல்லாருக்கும் ஒரு தன்னம்பிக்கைப் பாடம்" என்றார். அன்றைய சிறந்த பேச்சாளர் கேடயத்தை அவள் மடியில் வைத்தார்கள். அவள் அதைப் பிடிக்கவில்லை. கீழே விழாமல் சேகர்தான் பிடித்துக்கொண்டான்.

செருப்பு விடும் இடத்தில்

கீழே செருப்பு மாட்டும்போது தில்லைநாயகத்தை நிறுத்தினேன்.

"முந்திரி போடக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன் சார். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குதில்ல? அவங்க இருக்கிற நிலைமையில…"

"என்னா நிலைமை?"

"கோவப்படாதீங்க சார். நீங்க பாக்கல? அத்தனை பேரும் கண் கலங்கிட்டாங்க."

"அவ மீன் வாங்கறதைப் பத்திப் பேசுனா. இதுல கண் கலங்க என்னா இருக்குது?"

அவர் குனிந்து செருப்பை மாட்டினார். பவித்ரா படியில் நின்று அழுதாள். "நான் போடறேன்னுதான் சார் சொன்னேன். பாவம், வேணாம்னு எல்லாரும் சொன்னாங்க."

"யாருய்யா பாவம்? பத்து வருஷமா உங்க எல்லாருக்கும் போட்டவ. உங்களை எல்லாம் ஆளா மதிச்சுப் போட்டா. நீங்க அவளுக்கு ஒண்ணு போட மாட்டீங்களா?"

"வார்த்தையை விடாதீங்க சார். நாங்க நல்லதுதான் பண்ணினோம்" என்றார் தில்லைநாயகம்.

"நீங்க பண்ணுன நல்லதுல தீயை வெக்க."

"வுடுங்க மாமா" என்று சேகர் என் தோளைப் பிடித்தான். "அக்காவுக்குக் கால் வலிக்குது. நிக்கிறாங்க பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் செருப்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு மங்கை நின்றிருந்தாள். அவளைப் பற்றித்தான் இத்தனை பேச்சும். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காரில் சேகர் பேச்சை மாற்றப் பார்த்தான். "அக்கா, ஃபர்ஸ்ட் பிரைஸ் அடிச்சுட்ட. நைட்டுக்கு டிபன் வாங்கிப் போலாமா? என்னா வேணும் சொல்லு." அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்க நல்ல எண்ணத்துலதானே மாமா பண்ணாங்க?" என்றான் என்னிடம்.

"நல்ல எண்ணம்னா ஒருத்தி பேசறதை முழுசாக் கேக்க வேணாமா மச்சான்?"



வீடியோ

மறுநாளே அந்த வீடியோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. அவள் "அது… அது…" என்று தேடியதை வெட்டிவிட்டார்கள். வணக்கம் சொல்வது, டம்ளரில் முந்திரி போடுவது, எல்லாரும் எழுந்து கை தட்டுவது. பின்னணியில் வீணை இசை. மேலே, 'மீண்டும் எழுந்தார் நம் டீச்சர்' என்று எழுத்து.

குறிஞ்சிப்பாடியில் இருக்கும் என் தங்கை போன் பண்ணினாள். "அண்ணே, அண்ணி பேசுறாங்களாமே! போனை அவங்க காதுல வையேன்." வைத்தேன். மங்கை வாயைத் திறக்கவில்லை. "டவர் இல்ல போலண்ணே" என்று தங்கை வைத்துவிட்டாள். இப்படி எத்தனையோ போன். அவள் குணமாகிவிட்டாள் என்று ஊரே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவள் வாயில் "மாமா"கூட நின்றுபோனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பயிற்சி அம்மாவிடம் கூட்டிப்போனேன். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார். மங்கை படத்தைத் திருப்பி வைத்தாள். அந்த அம்மா வெளியே வந்து என்னிடம், "முடியாம இல்ல சார். முயற்சியே பண்ண மாட்டேங்குறாங்க. கை காட்டிக் கேட்டா எதையும் குடுக்காதீங்க. வாயைத் திறந்தாதான் குடுக்கணும். கொஞ்சம் கடுமையா இருங்க" என்றார்.

கடுமையாக இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. காபி போட்டு மேஜையில் என் பக்கம் வைத்துக்கொண்டேன். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். காபியை நோக்கி விரலை நீட்டினாள்.

"வாயால கேளு" என்றேன்.

விரல் அப்படியே இருந்தது.

"காபின்னு சொல்ல வேணாம். 'கா'ன்னு சொல்லு போதும்."

கையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வழக்கம்போல் காத்திருந்தேன். முன்பெல்லாம் காத்திருந்தால் அவள் முகத்தில் வேலை நடப்பது தெரியும். நெற்றி சுருங்கும், உதடு அசையும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அவள் தேடவில்லை.

காபி மேல் ஆடை கட்டியது. பால்காரர் வந்து போனார். தெருவில் பள்ளிக்கூட வேன் வந்து போனது. நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். "அவனுங்க மேல இருக்கிற கோவத்தை ஏன்டி என் மேல காட்டுற?" என்றேன். திரும்பிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை அவள் முகத்தில். கோபம் இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ரத்தம் கட்டாமல் இருக்க அவள் ஒரு மாத்திரை போட வேண்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

எழுந்துபோய்க் காபியைச் சுட வைத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன். குடித்தாள்.

"சக்கரை போதுமா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். சரி என்று, வார்த்தைக்குக் காத்திருக்காமல் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தேன்.